ஆறு வாரம், ஆயிரம் பாயிண்ட்: போட்டித் தேதிக்குள் ஒரு நெக்ரான் படையைத் தீட்டி முடிக்கும் வழி

சிறு பிளாஸ்டிக் உருவங்களை ஒட்டி, தீட்டி, மேசையில் போரிடும் வார்ஹாம்மர் 40,000 என்ற ஆட்டத்தை ஆடுபவர்களின் அலமாரியில் பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டிகளே இருக்கும்: பிரிக்காதவை, பிரித்துப் பாதியில் விட்டவை. போட்டித் தேதி அறிவித்து, பதிவுக் கட்டணமும் கட்டிய பிறகுதான் அந்தச் சாம்பல் நிற பிளாஸ்டிக் குவியல் கண்ணை உறுத்தத் தொடங்கும். உடனே எல்லோரும் தேடுவது வேகமாகத் தீட்டும் உத்திகளை. உத்திகள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வாரத்தில் படை முடியுமா என்பதில் முக்கால்வாசி, வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த உருவங்களை எடுக்கிறோம், எவற்றைத் தொடவே போவதில்லை என்பதுதான் அந்த முடிவு.

இந்த வழிகாட்டி ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறது. 1,000 பாயிண்ட் நெக்ரான் படை (பாயிண்ட் என்பது ஒவ்வொரு உருவத்துக்கும் ஆட்டம் தரும் மதிப்பு; அவற்றின் கூட்டல்தான் படையின் அளவு). கையில் ஆறு வாரம். வாரத்துக்கு ஏழு மணி நேரம். வேலைநாள் இரவுகளில் எல்லாம் சேர்த்து மூன்று மணி, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இதற்கு மேல் கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடுவது வீண்.

தீட்டாத படையோடு போனால் என்ன என்று கேட்கலாம். நண்பர் வீட்டில் ஆடுவதற்கு ஒன்றுமில்லை. போட்டியில் நட்டம் உண்டு. 2023இல் வந்த 10ஆம் பதிப்பின் போட்டி விதிகளில், படை முழுவதும் ‘பேட்டில் ரெடி’ தரத்தில் இருந்தால் 100 வெற்றிப் புள்ளிகளில் 10 கிடைக்கும். முக்கியப் பகுதிகளுக்கெல்லாம் வண்ணம், நிற்கும் பீடத்துக்கு ஒரு முடிப்பு, இவ்வளவுதான் அந்தத் தரம் கேட்பது. கண்ணிமைக்குக் கோடு வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாம் போடும் திட்டமும் அந்த எல்லையில்தான் நிற்கப்போகிறது, ஒரு சிறு விலக்குத் தவிர.

ஏன் நெக்ரான்

நேரம் குறைவாக இருக்கும்போது படையின் கதையைவிட அதன் மேற்பரப்பு முக்கியம். நெக்ரான்கள் ஆறு கோடி ஆண்டுகள் கல்லறைகளில் உறங்கி எழுந்த உலோக எலும்புக்கூடுகள். துணி கிடையாது, தோல் கிடையாது, முகச்சதை கிடையாது. ஒரே உலோகம் உச்சந்தலை முதல் பாதம் வரை. உலோக நிற ஸ்பிரே ஒன்றை அடித்தாலே உருவத்தின் பெரும்பகுதி மூடிவிடுகிறது. தூசி, கறை, மங்கல் எல்லாமே அவற்றுக்குப் பொருந்தும் என்பது கூடுதல் வசதி. கை தவறி விழுந்த கறைகூடக் காலத்தின் சுவடாகத் தோன்றும்.

கதைப்படி நெக்ரான்கள் பல வம்சங்களாகப் பிரிந்தவை. வம்சத்துக்கு வம்சம் நிறம் மாறும். நிஹிலாக் வம்சத்தின் நீலப்பச்சையும் பொன்னும் பார்க்க அழகு. ஆனால் உருவத்துக்கு உருவம் ஓரம் பார்த்து இரண்டு நிறம் பிரிக்க வேண்டும். சாடேக் வம்சத்தின் கரும் உலோகமும் பச்சை ஒளியும் அப்படியல்ல. அவசரக்காரருக்கு சாடேக் போதும். எந்த வம்ச நிறத்தில் தீட்டினாலும் எந்த விதியிலும் ஆடலாம் என்பதால் இதில் ஆட்டக் கணக்கு எதுவும் பாழாகாது.

பட்டியலை எழுதும்போதே உருவங்களை எண்ணுங்கள்

ஆட்டக்காரர் பட்டியல் எழுதும்போது பாயிண்ட் பார்ப்பார். தீட்டப்போகிறவர் ஒரு பாயிண்டுக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். இருபது வாரியர்களும் ஒரு பெரிய உருவமும் பாயிண்டில் பக்கத்துப் பக்கத்தில் வரலாம். மேசையில் அவை விழுங்கும் நேரம் ஒன்றல்ல.

நான் பரிந்துரைக்கும் முதல் வரைவு: ஓர் ஓவர்லார்ட் (படைத்தலைவன்), 20 வாரியர்கள் (அடிப்படைக் காலாட்கள்), 10 இம்மார்ட்டல்கள் (அவர்களைவிட வலிய காலாட்கள்), ஆறு ஸ்கேரப் (இயந்திர வண்டு) கூட்டங்கள், ஒரு கனோப்டெக் டூம்ஸ்டாக்கர் (நீளக்கால் பீரங்கி இயந்திரம்), ஐந்து லிச்கார்டுகள் (மெய்க்காவலர்), ஒரு சி’டான் (பெரிய கடவுள் உருவம்). வாரியர் பெட்டி ஒவ்வொன்றிலும் பத்து வாரியர்களோடு மூன்று ஸ்கேரப் கூட்டங்களும் வருவதால், இரண்டு பெட்டி வாங்கினால் அந்த ஆறும் தனிச் செலவின்றிக் கிடைத்துவிடும். சி’டான் ஒற்றை உருவம். ஆயிரம் பாயிண்ட் படையில் கால்பங்கு அளவை அது ஒன்றே நிரப்பிவிடும். நேரம் இல்லாதவருக்கு அதைவிட நல்ல நண்பன் இந்தப் படையில் இல்லை. பாயிண்ட் மதிப்புகளை இந்த ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ஆண்டில் பலமுறை மாற்றும். எனவே கூட்டலைச் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடினால் குறைந்தால் சிறு மாற்றத்தில் சரியாகும்.

வாங்கும் முன் இன்னொரு கேள்வி: ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது? பழைய வாரியர்கள் பழைய சரக்காகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அவற்றின் துப்பாக்கியில் ஒளி ஊடுருவும் பச்சைக் குழல் ஒன்று தனியாக வரும். அதை ஒட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வண்ணமெல்லாம் முடிந்த பிறகு செருகினால் பச்சை ஒளி இலவசம்.

ஒரே ஓர் உருவம், ஒரு கடிகாரம்

மொத்தப் படையையும் ஒட்டிவிட்டு எப்படித் தீட்டலாம் என்று யோசிப்பதுதான் வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். முதல் இரவில் ஒரே ஒரு வாரியரை ஒட்டி, பிரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் முதல் பூச்சு) அடித்து, கடைசிப் புள்ளி வரை தீட்டி முடியுங்கள். ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம் எடுத்தது என்று தாளில் குறியுங்கள். காய்வதற்கான நேரத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அது உங்கள் கை வேலை அல்ல, ஆனால் நாட்காட்டியில் இடம் பிடிக்கும்.

பிறகு அந்த உருவத்தை மேசையில் வைத்து, கை நீட்டிய தூரத்தில் நின்று பாருங்கள். ஆட்டத்தில் எதிராளி பார்க்கப்போவது அந்தத் தூரத்திலிருந்துதான். அங்கிருந்து தெரியாத வேலை எதுவோ அதைத் தாளில் அடித்துவிடுங்கள். முழங்கால் மூட்டின் உள்பக்கத்து ஓர வெளிச்சம், முதுகுத் தண்டின் இரண்டாம் நிறம், விரல் நுனி இவையெல்லாம் அநேகமாக இந்த அடிப்பில் போய்விடும். சோதனை உருவத்தின் பயனே அதுதான். நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் பட்சம்.

தாளில் மிஞ்சும் வரிசைதான் உங்கள் முறை. இனி அதில் ஒரு கட்டத்தையும் கூட்டக் கூடாது. பதினைந்தாவது வாரியரின் போது புதிதாக ஓர் எண்ணம் வரும்: தோளில் ஒரு சின்னம் வரைந்தால் என்ன? வரைந்தால், முடிந்த பதினான்குக்கும் திரும்பிப் போக வேண்டும்.

மணிக்கணக்கு

சோதனை உருவம் தந்த நிமிடங்களை எண்ணிக்கையால் பெருக்குங்கள். நடுத்தர வேகக்காரர் ஒருவருக்கு ஏறத்தாழ இப்படி வரும்.

ஒட்டுதல்: வாரியர்கள் இரண்டரை மணி, இம்மார்ட்டல்கள் இரண்டு, ஸ்கேரப் ஒன்று, டூம்ஸ்டாக்கர் ஒன்றரை, ஓவர்லார்ட் அரை, சி’டான் ஒன்று, லிச்கார்டுகள் ஒன்றரை. மொத்தம் 10 மணி.

தீட்டுதல்: வாரியருக்கு 20 நிமிடம் வீதம் ஏழு மணி, இம்மார்ட்டல்கள் நான்கு, ஸ்கேரப் ஒன்று, டூம்ஸ்டாக்கர் மூன்று, ஓவர்லார்ட் மூன்று, சி’டான் நான்கு, லிச்கார்டுகள் நான்கு. மொத்தம் 26 மணி.

பீடங்களுக்கு மூன்று மணி, பிரைமரும் வார்னிஷும் இரண்டு. ஆகக் கூடி 41 மணி.

கையில் இருப்பது 42. பார்த்தால் ஒரு மணி மிச்சம். ஆனால் இது திட்டமே அல்ல. ஒரு காய்ச்சல், ஓர் உறவினர் திருமணம், ஒரு மழை வாரம் வந்தால் போதும், எல்லாம் சரியும். ஆறில் ஒரு பங்கு நேரம் வெறுமையாக இல்லாத எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள்.

எனவே வெட்ட வேண்டும். இப்போதே வெட்ட வேண்டும். லிச்கார்டுகளைப் பாருங்கள். ஐந்து உருவம், ஐந்தரை மணி. கேடயம், ஆயுதம், மார்புக்கவசம் என்று ஒவ்வொன்றிலும் நுணுக்கம். பாயிண்டோ சொற்பம். அவற்றை நீக்கினால் 35.5 மணி, ஆறாவது வாரம் ஏறக்குறைய முழுமையாகக் கைக்கு வந்துவிடுகிறது. படையில் மிஞ்சுவது 39 பீடங்கள். அழகான உருவங்களை விடுவது வருத்தம்தான். போட்டி முடிந்ததும் நிதானமாகத் தீட்டலாம். அவை எங்கும் போகாது. ஐந்தாவது வாரத்தில் பதற்றத்தோடு நீக்குவதைவிட முதல் வாரத்தில் காகிதத்தில் நீக்குவது மலிவு. அதற்குள் அவற்றை ஒட்டி, ஸ்பிரே அடித்து வீணாக்கிய மணிகள் திரும்ப வராது அல்லவா?

ஒட்டும் மேசை

பிளாஸ்டிக் உருவங்களுக்கு பிளாஸ்டிக் சிமெண்ட். அது இரண்டு பரப்பையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின், உலோக உருவங்களுக்கு சூப்பர் குளூ. வெட்டுவதற்கு ஒருபக்கம் தட்டையாக உள்ள கட்டர் வாங்குங்கள், இந்த வேலையில் காசு போடத் தகுந்த முதல் கருவி அது.

அச்சுக்கோடுகளை, அதாவது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்துக் கோடுகளை, சுரண்டுவதில்தான் நேரம் கரையும். கத்தியின் முதுகால் மெல்ல இழுத்தால் போகும். எல்லா இடத்திலும் இழுக்க வேண்டாம். வாரியரில் மண்டை ஓடு, தோள், முழங்காலுக்குக் கீழுள்ள முன்பகுதி, துப்பாக்கியின் மேல்பக்கம் ஆகியவை போதும். அச்சுக்கோடு விட்டுப்போன இடத்தை டிரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வருடும் முறை) காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்த நான்கில் மட்டும் சோம்பல் கூடாது.

கைகளைத் தனியாக, தலையைத் தனியாக வைத்துத் தீட்டும் பழக்கம் பரிசுக்குத் தீட்டுபவர்களுடையது. நாம் முழுமையாக ஒட்டிவிட்டே தீட்டுகிறோம். துப்பாக்கிக்குப் பின்னால் மறைந்த மார்பில் தூரிகை எட்டாவிட்டால், யாருடைய பார்வையும் அங்கே எட்டாது. ஆயுதங்களைக் காந்தம் வைத்து மாற்றும்படி செய்வதும் அடுத்த படைக்கு ஆகட்டும்.

இந்தக் கட்டத்திலேயே பீடத்துக்கு மணல் ஒட்டிவிடுங்கள். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீரில் இளக்கிப் பூசி, தேநீர் வடிகட்டியில் சலித்த ஆற்று மணலில் அமுக்கி எடுத்து, ஓர் இரவு காயவிடுங்கள். கடற்கரை மணல் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கியாக வேண்டும். மேலே விழும் பிரைமர் மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பிரைமர்: வானிலையோடு ஒரு பேச்சுவார்த்தை

இந்த வேலை முழுவதிலும் உங்கள் கையில் இல்லாத ஒரே கட்டம் இது. ஒரு நிமிடத் தவறில் நாற்பது உருவங்கள் ஒரே நேரத்தில் கெடக்கூடிய இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

நெக்ரானுக்கு லெட்பெல்ச்சர் அல்லது ஆர்மி பெயிண்டரின் பிளேட் மெயில் மெட்டல் போன்ற உலோக நிற ஸ்பிரே வசதி. பிரைமரும் அடிநிறமும் ஒரே பூச்சில் முடியும். லெட்பெல்ச்சர் நிறத்தில் சிறு புட்டியும் கிடைப்பதால், ஸ்பிரே எட்டாத அக்குளையும் தொடைச் சந்தையும் பிறகு தூரிகையால் சரிசெய்யலாம்.

ஒரு ரீப்பர் கட்டையில் இருபக்கப் பசை நாடாவை ஒட்டி, அதில் பத்து உருவங்களை வரிசையாக நிறுத்துங்கள். உருவங்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்; உலோக நிறங்களில் துகள் அடியில் தங்கும். 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வரிசையைக் கடந்த பிறகு விரலை எடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் நுணுக்கமெல்லாம் நிரம்பி மெழுகு பொம்மையாகிவிடும். மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் கட்டையைத் திருப்பி அடுத்த பக்கம். முகக்கவசம் கட்டாயம், மூடிய அறையில் அடிக்கவே கூடாது.

சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி. காற்றில் நீர் அதிகமிருந்தால் பூச்சு சொரசொரப்பாகவோ வெளிறியோ உட்காரும். விடிகாலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும். ஆகவே பிற்பகல் சரி. ஆனால் உச்சி வெயிலில் நேராக நின்று அடித்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்து தூளாக வந்து ஒட்டும். நிழலான மாடிப்படி முகப்பு, காற்று குறைவான பின்கட்டு இவை நல்ல இடங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் திட்டம் போடுகிறீர்கள் என்றால் வெயில் முகம் காட்டிய முதல் நாளிலேயே, ஒட்டி முடித்தவரை எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். டொரொண்டோவில் இருப்பவருக்குச் சிக்கல் நேர்மாறானது. குளிரில் டப்பாவின் அழுத்தம் குறைந்து பூச்சு திட்டுத்திட்டாக விழும். டப்பாவையும் உருவங்களையும் வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருந்து, வெளியே கொண்டுபோய்ச் சுருக்காக அடித்து, உடனே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். இரண்டு ஊரிலும் முதல் அடி உருவத்தில் விழக் கூடாது. வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்து, காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் படைக்கு வாருங்கள்.

ஸ்பிரே டப்பாக்கள் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுள்ள ஆபத்துப் பொருள் என்பதால் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது கடினம். கிடைக்கவே இல்லையென்றால் வாலெஹோ நிறுவனத்தின் புட்டிப் பிரைமரை அகலத் தூரிகையால் பூசி, மேலே உலோக நிறத்தைத் தூரிகையாலேயே ஏற்றலாம். நாற்பது உருவத்துக்கு மூன்று நான்கு மணி கூடும். அந்தக் காலி வாரத்தில் பாதி இதற்கே போய்விடும். ஆனால் மழை உங்களைத் தடுக்காது.

பத்துப் பத்தாக

இருபது வாரியர்களையும் ஒரே மூச்சில் தீட்ட வேண்டாம். பத்து போதும். பத்தாவது உருவத்துக்கு ஒரு நிறத்தைப் பூசி முடிக்கும்போது முதல் உருவம் காய்ந்திருக்கும். அடுத்த நிறத்துக்குக் கை சும்மா இருக்காமல் நகரலாம். ஐந்து வைத்தால் காத்திருப்பீர்கள். இருபது வைத்தால் அலுத்துவிடும், ஓர் இரவில் எதுவும் முடிந்த உணர்வே வராது. தண்ணீர்ப் புட்டி மூடிகளின் மேல் புளூ டாக்கால் (ஒட்டி எடுக்கக்கூடிய மாவு போன்ற பசை) உருவத்தைப் பொருத்திக்கொண்டால் விரல்பட்டு வண்ணம் அழியாது.

கட்டங்களின் வரிசைக்கு ஒரே விதி: அசுத்தமான வேலை முதலில், சுத்தமான வேலை பிறகு.

முதலில் வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம். கருமையான நல்ன் ஆயிலையும் பழுப்பான அக்ராக்ஸ் எர்த்‌ஷேடையும் பாதிக்குப் பாதி கலந்து, பெரிய தூரிகையால் உடல் முழுவதும் தாராளமாக. கறுப்பு மட்டும் போட்டால் நேற்று வார்த்த இரும்பு. பழுப்பு சேர்ந்தால்தான் கல்லறை வாசம் வரும். விலா எலும்புகளுக்கு இடையில் தேங்கட்டும், அது வேண்டியதுதான். தோள்பட்டையின் மேல், மண்டையின் உச்சியில் தேங்கினால் மட்டும் ஈரமில்லாத தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். காய்வதற்கு அரைமணிக்கு மேல் வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து வளைய வளையமாகக் கறை விழும். சற்றுத் தள்ளி வையுங்கள். வாஷை எப்போதும் அன்றைய இரவின் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது என் பழக்கம். நீங்கள் தூங்கும் நேரத்தில் அது காய்ந்துகொள்ளும். காயும் நேரம் உங்கள் ஏழு மணியில் சேராது.

அடுத்து டிரைபிரஷ். ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வர் போன்ற வெளிர்வெள்ளியைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் நிறம் ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக வருடுங்கள். முகப்பூச்சுக் கடையில் விற்கும் உருண்டைத் தலை மேக்கப் தூரிகை இதற்கு மிகப் பொருத்தம், விலையும் குறைவு. தலை, தோள், மார்பு இவற்றில் அழுத்தம்; இடுப்புக்குக் கீழே லேசான ஒரு தடவல். கண் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் வெளிச்சம் இருக்க வேண்டும்.

மூன்றாவது பீடம். கருஞ்சாம்பல் நிறத்தை மணல் மேல் தாராளமாகப் பூசி, காய்ந்ததும் எலும்பு நிறத்தால் டிரைபிரஷ். பாதத்திலும் கணுக்காலிலும் அந்த எலும்பு நிறம் பட்டுவிடும். துடைக்க வேண்டாம். மண்ணுக்கடியிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தவனுக்குக் காலில் புழுதி இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும்.

நான்காவது துப்பாக்கி. பிளாக் டெம்ப்ளர் என்ற காண்ட்ராஸ்ட் வண்ணத்தை உறைப்பகுதியில் ஒரே பூச்சு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் காண்ட்ராஸ்ட் வண்ணங்களை 2019இல் கொண்டுவந்தது. பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் தானாகவே நிழல் தரும். உலோகத்தின் மேல் இது கருநீலப் பளபளப்போடு உட்காரும், ஓரவெளிச்சம் தனியாகத் தேவைப்படாது. இதை டிரைபிரஷுக்கு முன்பே செய்தால் துப்பாக்கியெல்லாம் வெள்ளித் தூசி படியும். வரிசை மாறாமல் இருப்பது அதனால்தான்.

கடைசியாகப் பச்சை. கண்ணிலும் துப்பாக்கிக் குழலிலும் மார்புச் சின்னத்திலும் வெள்ளையை ஒரு புள்ளி வைத்து, காய்ந்ததும் டெசரக்ட் குளோ என்ற ஒளிர்பச்சை வண்ணத்தைத் தொட்டுவிடுங்கள். முன்னர் சொன்ன விலக்கு இதுதான். பேட்டில் ரெடிக்கு இந்த ஒளி தேவையில்லை. ஆனால் முப்பது சாம்பல் எலும்புக்கூடுகள் ஒரு படையாகத் தெரிவது இந்தப் பச்சையால்தான். இரண்டு நிமிடச் செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வேறு கட்டம் இல்லை. வெள்ளை கண்குழிக்கு வெளியே வழிந்தால், கறுப்பு வாஷை ஊசித் தூரிகையால் சுற்றி ஓட்டி மறைத்துவிடலாம்.

இம்மார்ட்டல்களுக்கும் இதே வரிசைதான், தோள்கவசத்துக்கு மட்டும் வெண்கலம் ஒரு பூச்சு, வாஷுக்கு முன். ஸ்கேரப்புகளுக்குப் பச்சையும் வாஷும் டிரைபிரஷும் போதும். ஒரு கூட்டத்தில் எல்லா வண்டுக்கும் கண் வைக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். முன்னால் இருக்கும் இரண்டுக்கு வையுங்கள்.

மின்விசிறி ஓடும் அறையில் தட்டிலுள்ள வண்ணம் நிமிடங்களில் தோல் கட்டும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பஞ்சு, அதன் மேல் பட்டர் பேப்பர்: இதுவே ஈரத்தட்டு. சாதாரண வண்ணங்கள் மறுநாள் வரை கெடாது. உலோக வண்ணங்களையும் வாஷையும் மட்டும் அதில் வைக்காமல் காய்ந்த தட்டில் எடுங்கள். ஈரத்தில் அவை பிரிந்து ஓடிவிடும்.

பெரியவர்கள் மூவர்

டூம்ஸ்டாக்கர் உயரமானது, கால்கள் நீளம், பரப்பு சமம். வாரியர் முறையையே பெரிய தூரிகையால் செய்யலாம். கவசத் தகடுகளுக்குக் கறுப்பு, பீரங்கிக்குப் பச்சை.

சி’டான் நட்சத்திரங்களை உண்ட கடவுளின் சில்லு. அது உலோகமல்ல என்பதால் முறை மாறுகிறது. சி’டான்களில் ஒன்றான நைட்பிரிங்கரை எடுத்தால், கறுப்பு பிரைமர், அதன் மேல் அடர்நீலச் சாம்பல், வெளிர்சாம்பல், ஏறக்குறைய வெள்ளை என்று மூன்று டிரைபிரஷ், மேலங்கி முழுவதும். பெரிய மடிப்புகள் உள்ள உருவத்தில் டிரைபிரஷ் தரும் அழகை நிதானமான கலப்புகூட எளிதில் தராது. நான்கு மணியில் மூன்றை மேலங்கிக்கும் முகத்துக்கும் கொடுங்கள்.

ஓவர்லார்டை எப்போது தீட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலிலேயே தீட்டினால் உற்சாகம் வரும் என்பார்கள் சிலர். கடைசியில் என்பார்கள் பலர். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. முதலில் என்றால் கை இன்னும் பழகியிருக்காது. கடைசியில் என்றால் நேரம் இருக்காது. படைத்தலைவனே படையில் மிக மோசமாகத் தீட்டப்பட்டவனாக நிற்பான். முதல் பத்து வாரியர்களுக்கும் அடுத்த பத்துக்கும் இடையில் தீட்டுங்கள். கையும் பழகியிருக்கும், அலுப்பும் தட்டியிருக்கும். ஒரு நல்ல மாற்று.

வாரங்கள்

முதல் வாரம் பட்டியல், சோதனை உருவம், வாரியர்களையும் இம்மார்ட்டல்களையும் ஒட்டுவது. இரண்டாம் வாரம் மீதியை ஒட்டி, மணல் போட்டு, பிரைமர் அடித்து, முதல் பத்தின் வாஷ். மூன்றாம் வாரம் முதல் பத்தை முடித்து ஓவர்லார்ட். நான்காவது, இரண்டாம் பத்தும் ஸ்கேரப்புகளும் இம்மார்ட்டல்களில் பாதியும். ஐந்தாவதில் மீதி இம்மார்ட்டல்களும் டூம்ஸ்டாக்கரும். சி’டானை ஐந்தாம் வார இறுதியில் தொடங்கி ஆறாம் வாரத் தொடக்கத்தில் முடிப்பது இயல்பு. அதற்குப் பிறகும் மூன்று இரவு மிஞ்சினால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள்.

மூன்றாம் வார முடிவில் முதல் பத்து முடியவில்லை என்றால் அப்போதே ஒரு முடிவெடுங்கள். பச்சையைக் கண்ணுக்கு மட்டும் வைப்பது, வெண்கலத்தை விடுவது என்று கட்டங்களைக் குறைக்கலாம். தூக்கத்தைக் குறைத்து ஈடுகட்டலாம் என்ற யோசனை வேண்டாம். இரவு இரண்டு மணிக்குத் தீட்டிய கண்ணைக் காலையில் பார்த்தால் அழித்துவிட்டு மீண்டும் தீட்டத் தோன்றும்.

நெக்ரான் அல்லாதவர்களுக்கு

டைரனிட், ஓர்க், டெத் கார்ட் போன்ற சதையும் துணியும் நிறைந்த படைகளுக்கு உலோக ஸ்பிரே உதவாது. அங்கே கறுப்பு பிரைமர் மேல் சாம்பல், வெள்ளை என இரண்டு டிரைபிரஷ் போட்டு, அதன் மேல் காண்ட்ராஸ்ட் அல்லது அதே வகையான, ஆர்மி பெயிண்டரின் ஸ்பீட்பெயிண்ட் வண்ணங்களை ஒவ்வொரு பூச்சாகத் தடவுவார்கள். ஸ்லாப்சாப் என்று பெயர். நிழலும் வெளிச்சமும் முன்பே இருப்பதால் வண்ணம் நிரப்புவது மட்டும்தான் வேலை. ஸ்பீட்பெயிண்டின் முதல் பதிப்பு காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து மேல்நிறத்தோடு கலந்துவிடும்; 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது சரியானது. பழைய புட்டிகள் மலிவாகக் கிடைத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் மரீன் படைக்கு இந்த முறை அவ்வளவாக ஒத்துவராது. அகலமான வழவழப்புக் கவசத்தில் வண்ணம் திட்டாகத் தேங்கும். அவர்களுக்குப் படையின் நிறத்திலேயே ஸ்பிரே, பள்ளங்களில் மட்டும் வாஷ்.

கடைசி வாரம்

வார்னிஷ் போடத்தான் வேண்டுமா? கையால் எடுத்து எடுத்து வைக்கும் உருவங்களுக்கு நல்லது, ஆனால் கட்டாயமில்லை. உலோகப் படைக்கு முழு மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு செத்துவிடும், சாட்டின் (பாதிப் பளபளப்பு) எடுங்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்த வார்னிஷ் வெண்படலமாகப் பனித்து, ஆறு வார உழைப்பை மூடிவிடும். போட்டிக்கு முந்தைய நாள் மழை என்றால் அடிக்கவே அடிக்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். தூரிகையால் பூசும் வார்னிஷை மண்டை உச்சி, துப்பாக்கி முனை, தோள் போன்ற விரல்படும் இடங்களில் மட்டும் தடவினாலும் ஒரு நாள் ஆட்டத்துக்குத் தாங்கும்.

பீடத்தின் விளிம்பைக் கறுப்பால் ஒரு சுற்று சுத்தமாகப் பூசுங்கள். 39 விளிம்பும் ஒரே கறுப்பாக இருந்தால், தீட்டியதில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வுகள் யார் கண்ணிலும் படாது.

பயணத்துக்குப் பீடத்தின் அடியில் சிறு காந்தம் ஒட்டி, உள்ளே தகடு போட்ட பெட்டியில் நிறுத்திக் கொண்டுபோகலாம். நுரைப் பெட்டியைவிட வண்ணம் உரசாது, செலவும் குறைவு. பையில் சூப்பர் குளூ ஒன்று, லெட்பெல்ச்சர் புட்டி ஒன்று, தூரிகை ஒன்று இருக்கட்டும். பயணத்தில் டூம்ஸ்டாக்கரின் கால் ஒன்று கழன்றால் முதல் சுற்றுக்கு முன் ஒட்டிவிடலாம்.